மிதிக்க மிதிக்க ஹைதர் அலி

திண்டுக்கல்னா பூட்டு, பிரியாணி. வெளியூர் நண்பன் யாரைக் கேட்டாலும் இந்த ரெண்டோட நிறுத்திடுவான். நாமளும் சிரிச்சுட்டு விட்டுடுவோம். இந்தத் தடவை ஒரு ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரைக்கு ஹாஸ்டல்ல இருந்து சைக்கிளை எடுங்க. கியர் சைக்கிள் வேணும்னு இல்லை, காத்து இருந்தா போதும். நேரா மலைக்கோட்டைக்குப் போங்க.

பிரான்ஸ் தேசத்துல பழைய கோட்டைகளைப் பார்த்துக்கிட்டே சத்தமில்லாத கிராமத்து ரோட்டுல சைக்கிள் மிதிக்கிறது பெரிய பொழுதுபோக்காம். அதுக்காகவே விமானம் ஏறிப் போறாங்க. நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. இருநூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி பிரெஞ்சுக்காரனே நம்ம ஊருக்கு வந்து பட்டறை போட்டிருக்கான். கூட்டிட்டு வந்தவர் ஹைதர் அலி.

மைசூர் புலின்னா நமக்கு உடனே திப்பு சுல்தான் ஞாபகம்தான் வரும். அவரோட அப்பாவைப் பாடப்புத்தகம் ரெண்டு பத்தியில முடிச்சிடும். ஆனா மகனுக்கு ஒரு ராஜ்ஜியம் இருந்ததே அப்பா சம்பாதிச்சுக் கொடுத்ததால. அந்தச் சம்பாத்தியத்தோட முதல் கடை நம்ம ஊர்ல திறந்ததுதான்.

ஹைதர் பிறந்தது கோலார் பக்கம் புதிக்கோட்டையில, 1720-ஐ ஒட்டி. அப்பா ஃபத்தே முகமது ஒரு படைத்தலைவர். கொஞ்ச காலம் ஆற்காட்டு நவாப் படையில ராக்கெட் வீரர்கள் ஐம்பது பேருக்குத் தலைமை தாங்கினவர். மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும். ஹைதர் சின்னப் பையனா இருக்கும்போதே அப்பா போர்ல இறந்துட்டார். குடும்பம் கடன்லயும் அவமானத்துலயும் கிடந்தது. படிக்க வைக்க ஆளில்லை. கடைசி வரைக்கும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பேரோட முதலெழுத்தை மட்டும் கத்துக்கிட்டு, அதையும் தலைகீழா எழுதினார்னு சொல்வாங்க. ஆனா ஒருமுறை காதுல விழுந்த கணக்கு மறக்காது. பல மொழிகள் பேசுவார். அரியர் வெச்சிருக்கிறவங்க இதை ஆதாரமா வீட்ல காட்ட வேண்டாம். அந்த ஞாபகசக்தி நம்ம கிட்ட இல்லை.

அண்ணன் மைசூர்ப் படையில இருந்தார், தம்பியும் சேர்ந்தார். 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில கவனிக்கப்பட்டு, சின்னதா ஒரு படைப்பிரிவு கைக்கு வந்தது. அடுத்தது திருச்சிராப்பள்ளி. அங்க ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை முன்னால நிறுத்தி அடிச்சுக்கிட்டிருந்தாங்க. திருச்சியைத் தருவோம்னு வாக்குக் கொடுத்ததால மைசூர்ப் படை முதல்ல ஆங்கிலேயர் பக்கம் போச்சு. வாக்கு காத்துல பறந்ததும் பிரெஞ்சுப் பக்கம் தாவுச்சு. மைசூருக்கு அந்தப் போர்ல மிஞ்சினது கடன் மட்டும். ஹைதருக்கு மட்டும் ஒரு பாடம் கிடைச்சது: கொஞ்சம் பேரே இருந்தாலும் வரிசை கலையாம சுடுற காலாட்படையும், ஒழுங்கா வேலை செய்யுற பீரங்கியும் இருந்தா பெரிய குதிரைப்படையையே நிறுத்திடலாம்.

1755-இல் அவரைத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாரா அனுப்பினாங்க. கப்பம் கட்டாத பாளையக்காரர்களை அடக்கணும், அதுதான் வேலை. இப்ப கோட்டை மேல ஏறி நில்லுங்க. படி வெட்டியிருக்கு, மூச்சு வாங்கும், பரவாயில்லை. கிழக்கே சிறுமலை, மேற்கே தூரத்துல பழனி மலைத்தொடர், நடுவுல தட்டையா விரியுற சமவெளி. 1605 வாக்கில் மதுரை நாயக்கர் கட்டின கோட்டை இது. மதுரையில இருந்து கொங்கு நாட்டுக்கோ, மைசூருக்கோ போற படை இந்தக் கண்ணுக்குத் தப்பிப் போக முடியாது. ஹைதர் எதுக்காக இந்த இடத்தை இறுகப் பிடிச்சார்னு மேல நின்னா ஒரு நிமிஷத்துல புரியும்.

இங்கதான் அவர் திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரியில இருந்து கைவினைஞர்களை வரவழைச்சார். மேற்பார்வைக்குப் பிரெஞ்சு ஆட்கள். ஆயுதக் கிடங்கு, பீரங்கிப் பிரிவு, வெடிமருந்துக் கூடம்னு ஒரு முழு ஏற்பாடு. இன்னைக்கு பாஷையில சொன்னா டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர். படிக்காத ஒருத்தர் தன்னை விட அதிகம் தெரிஞ்சவங்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிட்டு வந்தார். பக்கத்துல உட்காரவெச்சுக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டார்.

சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து? இங்கதான் கதை அழுக்காகுது. கண்டே ராவ்னு ஒரு கணக்கர் அவர்கிட்ட இருந்தார். கொள்ளையடிச்சதுல பாதி வீரனுக்கு, பாதி தலைவனுக்குன்னு ரெண்டு பேரும் ஒரு முறை வகுத்தாங்க. ஆடு, மாடு, தானியம் எல்லாமே அந்தக் கணக்குல சேரும். இன்னொரு கதை, கர்னல் வில்க்ஸ் தன் மைசூர் வரலாற்றுல எழுதினது. பாளையக்காரர்களோட நடந்த சண்டையில காயம்பட்டவங்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. கணக்குப் பார்க்க மைசூர்ல இருந்து அதிகாரி வந்தார். உண்மையில காயம்பட்டது 67 பேர். மஞ்சள் நனைச்ச கட்டோட வரிசையில படுத்திருந்தது சுமார் 700 பேர்! அதிகாரி திருப்தியாத் திரும்பிப் போனார். வில்க்ஸ் ஆங்கிலேயர், ஹைதர் மேல அவருக்குப் பாசம் கிடையாது. அதை மனசுல வெச்சுத்தான் படிக்கணும். ஆனாலும் நம்ம ஊர் மஞ்சளுக்கு இப்படி ஒரு உபயோகம் இருந்ததுன்னு நான் நம்பத் தயார்.

கீழ இறங்கி பேகம்பூர் பக்கம் ஒரு மிதி போடுங்க. அங்க இருக்கிற பெரிய பள்ளிவாசலையும் கல்லறையையும் ஹைதரோட தங்கை பேரைச் சொல்லித்தான் ஊர்ல பேசுவாங்க. அப்புறம் பழனி ரோடு. நெடுஞ்சாலையில லாரி ஜாஸ்தி, அதனால ரெட்டியார்சத்திரம் தாண்டினதும் முடிஞ்ச இடத்துல கிராமத்து ரோட்டுக்குள்ள இறங்கிடுங்க. முருங்கைத் தோட்டம், கிணத்து மேடு, வேலியோரம் கட்டின ஆடு. டைனமோ உரசுற சத்தம் தவிர ஒண்ணும் கேட்காது. ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சி. ஆடி மாசம் மட்டும் போயிடாதீங்க. மேக்கால இருந்து வர்ற காத்து, மிதிச்சாலும் வண்டி நகராது.

இந்தப் பாதையிலதான் ஹைதரோட குதிரைகள் பழனி, விருப்பாச்சிப் பாளையங்களை அடக்கப் போச்சு. அதே விருப்பாச்சியில, பதினேழு வருஷம் கழிச்சு, அவரை நம்பி ஒரு ராணி வந்து உட்கார்ந்தார். சிவகங்கை வேலு நாச்சியார். 1772-இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவில்ல கொல்லப்பட்ட பிறகு, மகளோட திண்டுக்கல் சீமைக்குள்ள வந்தார். ஐயாயிரம் காலாட்படை, ஐயாயிரம் குதிரைப்படை கேட்டு தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதினார். உதவி உடனே வந்துடலை. எட்டு வருஷம் காத்திருந்தாங்க. 1780-இல் ஹைதர் படையோட துணையில ராணி சிவகங்கையை மீட்டார்.

நடுவுல ஹைதர் எங்கேயோ போயிருந்தார். 1760-இல் அந்தக் கண்டே ராவே எதிராத் திரும்பி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து துரத்தினார். ராத்திரியோட ராத்திரியா ஆத்தைக் கடந்து தப்பினார் ஹைதர். அடுத்த வருஷமே திரும்பி வந்து மைசூரைக் கைப்பத்தினார். கண்டே ராவை உயிரோட விடச் சொல்லி அரண்மனைப் பெண்கள் கேட்டாங்க. கிளி மாதிரி பார்த்துக்கிறேன்னு வாக்குக் கொடுத்துட்டு, இரும்புக் கூண்டுல அடைச்சு பாலும் சோறும் போட்டார். திண்டுக்கல்ல ஒண்ணா உட்கார்ந்து கணக்குப் பார்த்த ரெண்டு பேரோட முடிவு இது.

1769-இல் சென்னை வாசல் வரைக்கும் குதிரைகளோட வந்து நின்னு, ஆங்கிலேயரைத் தான் சொன்னபடி ஒப்பந்தம் போட வெச்சார். ஆபத்துன்னா உதவிக்கு வரணும்னு அதுல ஒரு ஷரத்து. மராத்தியர் தாக்கினப்ப ஆங்கிலேயர் வரலை. அந்தக் கோபத்தை அவர் மறக்கவே இல்லை. 1780-இல் கர்நாடகச் சமவெளிக்குள்ள பெரும்படையோட இறங்கினார். காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூர்ல கர்னல் பெய்லியோட படை மொத்தமா வீழ்ந்தது. மைசூர் ராக்கெட்டுக்கு இரும்புக் குழாய், அதனால தூரம் அதிகம். அதுல ஒண்ணு விழுந்துதான் வெடிமருந்து வண்டி வெடிச்சதுன்னு சொல்றவங்க உண்டு. இங்கிலாந்துல காங்கிரீவ் பின்னாடி ராக்கெட் செய்யுறதுக்கு இந்த மைசூர்ச் சரக்குதான் மாதிரி.

ஆனா அதே படையெடுப்புல எதிரிக்குத் தீனி கிடைக்கக் கூடாதுன்னு ஹைதரோட குதிரைப்படை ஊர் ஊராக் கொளுத்துச்சு. செத்தது யார்? வயல்ல நின்ன ஜனங்க. ஆங்கிலேயரை எதிர்த்தார்ங்கிறதுக்காக இதை விட்டுட்டுக் கதை சொல்றது நமக்கு அழகில்லை.

1781-இல் பரங்கிப்பேட்டையில தோல்வி. அடுத்த வருஷம் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரன் கடலூர்ப் பக்கம் வந்து அவரைப் பார்த்தார். அதுக்குள்ள முதுகுல கட்டி வந்திருந்தது. 1782 டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூர்ப் பக்கம் முகாம்லயே உயிர் போச்சு. திப்பு அப்போ மலபார்ல இருந்தார். அவர் வந்து சேர்ற வரைக்கும் படைக்குச் சேதி தெரியக் கூடாதுன்னு, உடலைப் பெட்டியில வெச்சு கஜானாப் பணம் போறது மாதிரி அனுப்பினாங்க. கோலாருக்குப் போய், அப்புறம் ஸ்ரீரங்கப்பட்டணம் கும்பஸ்ல அடக்கம் ஆச்சு.

நம்ம கோட்டை 1790-இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1792 உடன்படிக்கையில அவங்களுக்கே நிலைச்சது. விருப்பாச்சியில கோபால் நாயக்கர் மணிமண்டபம் இருக்கு, அதையும் பார்த்துட்டு வாங்க. ஆங்கிலேயரை எதிர்த்து 1801-இல் தூக்குல போடப்பட்டவர், ஹைதர் அடக்கப் போன அதே பாளையத்துக்காரர். கோட்டை மேல கடை கிடையாது, தண்ணி பாட்டில் ரெண்டா எடுத்துக்கோங்க. பஞ்சர் கிட்டும்.