சொந்தத்துல கல்யாணம் பண்ணலாமா? பரம்பரை நோய்க்குக் கணக்குப் போட்ட ஹால்டேனின் கதை!

வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனி மாசம் பாடைக் காவடி எடுப்பதைப் பார்த்திருப்பீங்க. நோயில் இருந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். சரி, பிறக்கும்போதே கூட வரும் நோய்களை முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

யார் இவர்?

1892 நவம்பர் 5-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். அப்பா உடலியல் விஞ்ஞானி. மகன் படித்ததோ கணிதமும் பழங்கால இலக்கியமும். அறிவியலில் பட்டமே கிடையாது!

என்ன செய்தார்?

ரத்தம் சரியாக உறையாத நோய் ஹீமோஃபிலியா. பெரும்பாலும் அம்மா வழியாக மகனுக்கு வரும். 1937-ல் ஜூலியா பெல்லுடன் சேர்ந்து, இந்த நோயும் நிறக்குருடும் சில குடும்பங்களில் ஜோடியாகவே கடத்தப்படுவதைக் காட்டினார். அதாவது, ஒரு அடையாளத்தை வைத்து அதன் பக்கத்தில் உள்ள நோய் மரபணுவைக் கணிக்கலாம். 1983-ல் ஹண்டிங்டன் நோயின் மரபணு 4-வது குரோமோசோமில் இருப்பது தெரிந்ததும் இதே வழியில்தான்.

இந்தியாவுக்கு ஏன் வந்தார்?

1957-ல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார். அவருடைய மாணவர் துரோணம்ராஜு, ஆந்திராவில் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்களை ஆராய்ந்தார்.

நமக்கு என்ன?

டெல்டாவில் அக்கா மகளைக் கட்டுவது சகஜம். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் சுமார் கால் பங்கு பொது. தலசீமியா போன்ற நோயின் மரபணு இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் ஆகும்போது பழி மருமகள் தலையில்தான் விழுகிறது. உண்மையில் இந்த வகை நோய்க்கு அப்பா, அம்மா இரண்டு பேரின் மரபணுவும் காரணம்.

தலசீமியா மரபணு இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நோய் இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை கேளுங்க.

1964 டிசம்பர் 1-ல் புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார் ஹால்டேன். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. ஜாதகம் பார்க்கிற வீட்டில் ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்துடலாமே!