ஸர் ஜகதீச சந்திர போஸ்

மூடுபனியிலே செல்லும் கலத்தின் மாலுமிக்கு எதிரேயுள்ள பாறையை ரேடார் காட்டுகின்றது. ஆயினும் அக்கருவி தனித்து நின்றால் போதாது. கலத்தின் முகப்பிலிருந்து பாறை எத்தனை பாகை விலகியுள்ளது என்பதையே அது அறியும்; முகப்பு எத்திசை நோக்குகின்றது என்பதைத் திசைகாட்டியே அறியும். இரண்டையும் கம்பியால் இணைத்த பின்னரே ரேடார் கண்டதைக் கடற்படத்தின்மீது பொருத்தலாம். திசைகாட்டி 5 பாகை பிழைத்தால் பாறையும் படத்தில் 5 பாகை விலகித் தோன்றும்.

படகு ரேடார்களிற் பெரும்பாலானவை சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை வீசுவன. இத்தகைய சிற்றலைகளை முதன்முதல் ஆராய்ந்தோருள் ஒருவர் வங்க நாட்டிலே 1858-ஆம் ஆண்டில் தோன்றிய போஸ் என்பதை நம் மாணாக்கருட் பலர் அறியார். செடிகளை ஆராய்ந்த பெரியார் என்றே அவரைக் கேட்டிருப்பர்.

கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் லஃபோன் பாதிரியாரிடமும், பின்னர்க் கேம்பிரிட்ஜிலே ரேலி பிரபுவிடமும் கற்றுத் திரும்பிய போஸ், 1885-இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர் என்பதற்காக அவருக்கு ஐரோப்பியரினும் குறைந்த ஊதியம் விதித்தனர். அவர் பணியை விட்டாரில்லை, ஊதியத்தைத்தான் தொட்டாரில்லை. தந்தையோ கடனில் ஆழ்ந்திருந்தார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், மேலதிகாரிகள் முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு அளித்தனர். அப்பொருள் தந்தையின் கடனைத் தீர்க்கச் சென்றது.

ஆராய்ச்சிக்கு அவர் பெற்ற இடம் ஒரு சிற்றறை. தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கிக் கருவிகளைச் செய்வித்தார். அம்பத்தூர்ப் பட்டறைகளைக் கண்டு வளர்ந்த நம் மாணாக்கர் இதனை எளிதில் உணர்வர். அங்ஙனம் பிறந்த கருவிகளோ அற்பமானவையல்ல: 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகள், அவற்றை வீசும் உட்குழல், ஏற்கும் புனல்வாய். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்திலே சுவர்களை ஊடுருவிய அலையால் மணியொலிக்கச் செய்தார். 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இவற்றை விளக்கினார்.

கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தால் அலையை உணரும் கருவிக்கு, நண்பர் வற்புறுத்த, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹுல்ஸ்மெயர் என்பார் மின்னலையைக் கொண்டு ரைன் நதிக் கலங்களைக் கண்டறிந்து காட்டினார். போஸ் ரேடாரைக் கண்டுபிடித்தார் என்று சிலர் பெருமை பேசுவது மிகை. ஒலித்துத் திரும்பும் அலையால் கப்பலைத் தேடியவர் அவரல்லர். உலகம் அப்போது நெடுந்தொலைத் தந்தியையே விரும்பியது. அதற்கு நெட்டலைகளே உதவின. சிற்றலைகளை ஒதுக்கிவிட்டுப் போஸும் செடிகளின்பால் திரும்பினார். 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையமும் நிறுவினார்.

1937 நவம்பர் 23-இல் கிரிடீயில் அவர் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1940-இல், பர்மிங்காமில் ராண்டாலும் பூட்டும் அமைத்த மாக்னெட்ரான் 10 சென்டிமீட்டர் அலைகளைப் பெருவலிமையுடன் எழுப்பியது. உட்குழலும் புனல்வாயும் படிகமும் மீண்டும் வேண்டப்பட்டன.