கடல் சூடானால் மத்தி ஏன் குறையுது? கண்ணுக்குத் தெரியாத உயிர்களை எண்ண வைத்த என்.கே.பணிக்கர் யார்?

தர்மபுரிக்குக் கடல் இல்லை. ஆனா கேரளக் கடலில் மத்தி குறைஞ்சா, இங்கே மீன் கடையிலும் விலை ஏறும். 2012-ல் கேரளாவில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2016-ல் அது 50 ஆயிரம் டன்னைக்கூட தொடல. எல் நினோவால் கடல் வழக்கத்தைவிட சூடானதும் ஒரு காரணம் என்றார்கள் மீன்வள விஞ்ஞானிகள்.

சூட்டுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு?

மேல்மட்டத் தண்ணீர் சூடானால் அது லேசாகி, ஒரு மூடி மாதிரி மேலேயே நின்றுவிடும். ஆழத்தில் இருக்கும் சத்துகள் மேலே வராது. நுண்பாசிகள் குறையும். அதைத் தின்னும் விலங்கு மிதவை உயிரிகளும் குறையும், கொழுப்புள்ள பெரிய இனங்கள் போய் சின்ன இனங்கள் பெருகும். இவற்றை நம்பி வாழும் மீனுக்கு அரைவயிறுதான்.

யார் இந்த பணிக்கர்?

இந்தியப் பெருங்கடலின் மிதவை உயிரிகளைப் பெரிய அளவில் எண்ணும் வேலைக்கு இந்தியாவில் தலைமை தாங்கியவர் இவர். 1913-ல் கோட்டயத்தில் பிறந்தவர். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இறால்களைப் பற்றிய ஆய்வால் பெயர் பெற்றார். 1950-களில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தார்.

1960-களின் முதல் பாதியில் சுமார் 40 கப்பல்கள் இந்தியப் பெருங்கடலை ஆய்வு செய்தன. இந்தியாவின் பங்கை வழிநடத்தியவர் பணிக்கர்தான். ஒரே மாதிரியான வலையை 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்து மிதவை உயிரிகளைச் சேகரித்தாங்க. சுமார் 2,000 மாதிரிகள் கொச்சி ஆய்வகத்துக்கு வந்தன. அங்கே நுண்ணோக்கியில் பார்த்து, இனம் இனமாகப் பிரித்து, கையாலேயே எண்ணினாங்க. பொறுமையைச் சோதிக்கும் வேலை.

1966-ல் தேசிய கடலியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானார். 1973-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1977-ல் காலமானார்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

பணிக்கர் காலத்தில் கடல் வெப்பமாதல் பெரிய பேச்சாகவே இல்லை. ஆனா கடல் சூடானதால் எது குறைந்தது, எது கூடியது என்று சொல்ல, முன்னாடி எவ்வளவு இருந்தது என்று தெரியணும். அந்தப் பழைய கணக்கு கையில் இருப்பதால்தான் இன்றைய மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியுது.