விளக்கேந்திய கையும் கணக்கெழுதிய கையும்

எமது கல்லூரியிலிருந்து வெளியேறியோரில் தாதியர் சேவையைத் தெரிந்தெடுத்தவர்கள் பலர். அவர்களை மனதிற் கொண்டே, மே 12 ஆம் திகதியைத் தாதியர் தினமாக எமக்குத் தந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் வரலாற்றை இம்மலரிற் சேர்க்கின்றோம். சிறுவயதில் நாம் படித்த பாடத்தில் அவர் கைவிளக்கேந்திய சீமாட்டி. அது உண்மைதான், ஆனால் அரைவாசி உண்மை.

1820 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். ஊரின் பெயரே பெயராயிற்று. பெற்றோர் ஆங்கிலேயச் செல்வந்தர். நோயாளரைப் பராமரிப்பது கௌரவமான வீட்டுப் பெண்ணுக்கு ஏற்ற வேலையல்லவென்று கருதப்பட்ட காலம் அது. தாயும் தமக்கையும் பல வருடங்கள் தடுத்தனர். 1851 இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் நிலையத்தில் மூன்று மாதம் பயின்றார். 1853 இல் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவமனையொன்றைப் பொறுப்பேற்றபோது அவர் முதலிற் கேட்டவை மூன்று: ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர், உணவை மேலே ஏற்ற ஒரு தூக்கி, எந்த நோயாளி அழைத்தாரென்று காட்டும் மணி. தாதி படிக்கட்டில் ஏறியிறங்கிக் களைத்தால் நோயாளியைப் பார்க்க ஆளிருக்காது என்பது அவர் எண்ணம். விடுதியில் வேலை செய்த எவருக்கும் இது விளங்கும்.

1854 நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். கிரிமியப் போரில் காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். அம்மையார் சலவைக்கும் சமையலுக்கும் ஒழுங்கு செய்தார். துணி, பாத்திரம், தூரிகை வாங்கினார். இரவில் விளக்குடன் சுற்றினார். அப்படியிருந்தும் இறப்புக் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் அங்கு சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் சுகாதார ஆணைக்குழு வந்து, கட்டடத்தின் கீழ் அடைபட்டிருந்த கழிவுக் கால்வாய்களைக் கழுவி, நீர்வழியைத் துப்புரவாக்கி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசிய பின்னரே இறப்பு விழத் தொடங்கியது. யூன் மாதமளவில் அது நூற்றுக்கு 2 வரை இறங்கியது.

நாடு திரும்பியபின், வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞருடன் இருந்து அவர் கணக்குப் பார்த்தார். போர்முனையின் சிறு வைத்தியசாலைகளை விட, தாம் இரவுபகலாக உழைத்த ஸ்குட்டாரியிலேயே அதிகம் பேர் மாண்டனர் என்பதைக் கணக்குக் காட்டியது. ஊரெல்லாம் புகழும் ஒருவர் இதை மறைத்திருக்கலாம். அவரோ அதை வரைபடங்களாக்கி, அரசாங்கத்தின் கண்ணில் படும்படி வைத்தார். விளக்கை விட இந்தத் துணிவே பெரிதென்பது எம் எண்ணம். நோயாளியைக் காக்க அன்பு மட்டும் போதாது, கால்வாயும் கணக்கும் வேண்டுமென்பதை அவர் அங்கேதான் கற்றார்.

பொதுமக்கள் அவர் பெயரில் சேர்த்த 40,000 பவுணுக்கு மேற்பட்ட நிதியைக்கொண்டு, 1860 இல் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. முதல் அணியில் 15 பேர். பயிற்சி ஓராண்டு. விடுதியிலேயே, நோயாளியின் கட்டிலருகே கற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மாதாந்தம் ஒரு பதிவுத்தாள் நிரப்பப்பட்டது. புண்ணுக்குக் கட்டுப்போடுதல், படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டுதல், சத்திரசிகிச்சையில் உதவுதல் என்று வேலை வேலையாக மதிப்பீடு. நாடி, மூச்சு, தோல், உறக்கம், பசி ஆகியவற்றின் மாற்றத்தையும், கொடுத்த மருந்து என்ன செய்தது என்பதையும் கவனித்துச் சொல்லப் பழக்கினர். திடீரென நிலைமை மோசமாகும் நோயாளியை முதலிற் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தாதிதானே! இன்று எம் பயிலுநர் தாதியர் கையெழுத்து வாங்கித் திரியும் செய்முறைப் பதிவேட்டின் பாட்டியென்று அத்தாளைச் சொல்லலாம்.

தாதியியல் பற்றிய தம் நூலில், தாதி அருகிலிருக்கும்போது நடப்பவை அவர் இல்லாத வேளையிலும் தவறாமல் நடக்க ஏற்பாடு செய்வதையே பெரிய திறமையாகக் கொண்டார். கடமை மாறும்போது அடுத்தவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகுமென்று எம் சகோதரிகளுக்குத் தெரியும்.

எம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. 1863 இல், குடியேற்ற நாடுகளின் பள்ளிக்கூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் ஏற்பட்ட நோய், இறப்புகளைத் தொகுத்து அவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதில் இலங்கைப் பள்ளிக்கூடங்களின் கணக்கும் இருந்தது.

பிற்காலத்தில், பரீட்சையில் தேறிய தாதியரைப் பதிவேட்டிற் சேர்க்கும் இயக்கத்தை எதிர்த்தார். ஒருமுறை தேறியவர் என்றும் திறமையானவரென்று பெயர்ப்பட்டியல் எப்படிச் சொல்லும் என்பது அவர் வாதம். பதிவு தேவையென்பதில் காலம் அவரை வென்றுவிட்டது. 1919 இல் அங்கு அது சட்டமாயிற்று. ஆயினும் அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இன்றும் சேவையிலுள்ள தாதியர் மீண்டும் மீண்டும் பயிற்சிப் பட்டறைக்குப் போகின்றனர்.

1910 ஓகஸ்ட் 13 இல், 90 வயதில் இலண்டனில் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் அடக்கம் செய்யும் வாய்ப்பைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஈஸ்ற் வெலோ என்னும் கிராமத்துக் கல்லறையில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த திகதிகளும் மாத்திரமே பொறிக்கப்பட்டுள்ளன.