மிட்டாய் வேண்டாம் என்ற குழந்தைகள்!

சொன்னதைச் செய்தால் மிட்டாய். செய்யாவிட்டால் மூலையில் நில். இப்படித்தானே பெரியவர்கள் உங்களைப் பழக்குகிறார்கள்? இதைவிட நல்ல வழி இருக்கிறது என்று கண்டறிந்த ஒரு டாக்டரம்மாவின் கதையைக் கேளுங்கள்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அபூர்வமான காலத்தில், 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1907-இல் அந்நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லாரன்சோ பகுதியில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார்.

அங்கே ஒரு மரக்கட்டை இருந்தது. அதில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும். தவறைக் கட்டையே காட்டிவிடும். டீச்சர் திட்ட வேண்டியதில்லை! மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அதை நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பாடினார்கள். மாண்டிசோரி அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். அப்போதும் அவள் வேலையை விடவில்லை. இத்தனைக்கும் பரிசு எதுவும் கிடையாது.

இன்னொரு நாள், சமர்த்துப் பிள்ளைக்கு அணிவித்த பதக்கம் கீழே விழுந்தது. தண்டனையாகச் சும்மா உட்கார வைக்கப்பட்டிருந்த குழந்தை அதைக் காட்டியது. வேலையில் மூழ்கியிருந்த பிள்ளையோ, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டது. சும்மா இருப்பவருக்குத்தான் பதக்கம் பெரிதாகத் தெரிகிறது என்பதை மாண்டிசோரி கவனித்தார்.

மௌன விளையாட்டு என்று ஒன்றும் உண்டு. எல்லோரும் அசையாமல் இருக்க வேண்டும். பக்கத்து அறையிலிருந்து மெல்லிய குரலில் பெயரைக் கூப்பிட்டால், அதுதான் சைகை. ஓசைப்படாமல் நடந்து வர வேண்டும். (ரயில்கள் ஓயாத நம் ஜோலார்பேட்டையில் கொஞ்சம் கஷ்டம்தான்!) இதற்குப் பரிசாக மிட்டாய் நீட்டினார். குழந்தைகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். விளையாட்டே அவர்களுக்கு இனித்தது.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. உடனே ஆங்கிலேய அரசு, எதிரி நாட்டவர் என்று அவருடைய மகன் மரியோவை முகாமில் அடைத்தது. வயதான தாய் தவித்துப்போனார்.

1940 ஆகஸ்ட் 31 அவருடைய 70-ஆவது பிறந்தநாள். அன்று அரசு மகனை விடுவித்தது. பரிசுகளை நம்பாதவருக்கு அப்படி ஒரு பரிசு!

பிறகு இருவரும் கொடைக்கானலில் தங்கிச் சிறுவர்களுக்குக் கற்பித்தார்கள். 1946-இல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, மறுபடியும் இந்தியா வந்து போனார். 1952-இல் நெதர்லாந்தில் காலமானார்.