டாக்டர் மேரி ரட்ணம்

கொடகவெலயில் மழை தொடங்கிவிட்டால் எங்கள் உம்மாவுக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். குடிநீரைக் கொதிக்க வைப்பார், முற்றத்தைக் கூட்டுவார், சிரட்டை ஒன்றில்கூட நீர் தேங்க விடமாட்டார். ஆனாலும் சென்ற வருடம் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அருகிலுள்ள வெற்றுக் காணியில் யாரோ வீசிச் சென்ற டயர்களையும் தயிர்ச் சட்டிகளையும் உம்மா மட்டும் என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தந்தது, நான் பின்னர் வாசித்தறிந்த டாக்டர் மேரி ரட்ணம் அவர்களின் வாழ்க்கை.

அவர் 1873இல் கனடாவில் பிறந்தவர். பெண்கள் வைத்தியராவதே அரிதாக இருந்த காலத்தில் மருத்துவம் கற்று, 1896இல் மருத்துவ மிஷனரியாக இலங்கை வந்தார். ஆனால் தமிழர் ஒருவரை மணந்த காரணத்தால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. அவரோ திரும்பிப் போகவில்லை. கொழும்பில் லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிறிது காலம் பணிபுரிந்தபின், தனியாக வைத்தியம் செய்தார். ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கு அவர் பெரும் ஆறுதலாக விளங்கினார்.

நோய் வந்தபின் மருந்து கொடுப்பது மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதார நூல் எழுதினார். 1930இல் லங்கா மஹிலா சமித்தியை நிறுவினார். கனடாவின் கிராமப்புற மாதர் சங்கங்களே அதற்கு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி சுகாதாரம், போசாக்கு, குழந்தை வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், கைப்பணி ஆகியவற்றைக் கற்றனர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா கேகாலை மாவட்டம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. அதனை நினைக்கும்போது இந்தக் கல்வியின் பெறுமதி விளங்கும்.

எனினும் சந்தையும் கானும் குப்பை மேடும் வீட்டு வாசலுக்கு வெளியே உள்ளவை. அவற்றைப் பற்றி முடிவெடுக்கும் இடத்திலும் பெண்கள் இருக்க வேண்டும் அல்லவா? பெண்களின் வாக்குரிமைக்காக 1927இல் குரல் எழுப்பியவர்களுள் அவரும் ஒருவர். 1931இல் அவ்வுரிமை கிடைத்தது. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி என்ற பெருமையைப் பெற்றார். சட்ட நுணுக்கமொன்றால் பின்னர் அந்த ஆசனத்தை இழந்தபோதும் அவரது சமூகப்பணி நிற்கவில்லை. 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் அவர் காலமானார்.

தூய்மையை ஈமானின் பாதியாகக் கருதும் நாம், அதை நம் வாசற்படியோடு நிறுத்திவிடலாகாது. இன்று உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத இடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அடுத்த வருடம் எனக்கும் வாக்களிக்கும் வயது வந்துவிடும். வாக்குக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருபவர்களிடம், முதலில் அந்த வெற்றுக் காணியைப் பற்றித்தான் கேட்பேன்.