ஒற்றைக் கையர் வளர்த்த ஜாதிக்காய் மரம்

பிரெஞ்சு மொழியில் 'புவாவ்ர்' என்றால் மிளகு. மிளகைக் குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர், ஜாதிக்காய்க்காக அரும்பாடு பட்டார். அவர்தான் பியேர் புவாவ்ர்.

கை போயிற்று

பிரான்சு நாட்டில் லியோன் நகரில் 1719-ம் ஆண்டு அவர் பிறந்தார். பாதிரியார் ஆவதற்காகப் படித்தார். மதப் பணிக்காகச் சீனாவுக்குப் போனார்.

1745-ல் ஊர் திரும்பும் வழியில், அவர் இருந்த கப்பலை இங்கிலீஷ்காரர்கள் தாக்கினார்கள். பீரங்கிக் குண்டு பட்டு வலது கை போயிற்று. பூசை செய்யக் கை இல்லை. பாதிரியார் ஆகும் ஆசை அன்றோடு முடிந்தது.

கைதியாக அவர் போய்ச் சேர்ந்த இடம் பட்டேவியா. அதுதான் இன்றைய ஜகார்த்தா. அங்கே டச்சுக்காரர்கள் வாசனைச் சரக்கு விற்றுக் குவித்த செல்வத்தைக் கண்டார். அவர் வாழ்க்கை திசை மாறியது.

டச்சுக்காரர் போட்ட பூட்டு

ஜாதிக்காய்க்குப் பேர்போனவை பண்டா தீவுகள். 1621-ல் டச்சுக்காரர்கள் அவற்றைப் பிடித்தார்கள். தீவு மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். வெளியூர் போகும் காய் அங்கே முளைத்துவிடக் கூடாதே! அதனால் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள்.

ஜாதிக்காயின் குணமும் அவர்களுக்குத் துணை நின்றது. அதன் விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். கடையில் வாங்கும் காய் முளைக்காது. பழம் வெடித்ததும், ஈரம் காயுமுன் மண்ணில் ஊன்ற வேண்டும். முளைவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கன்றுக்கு நிழல் வேண்டும். காய்க்க ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எது எது என்பது பூத்த பிறகே தெரியும்.

ஐந்து கன்றுகள்

1753-ல் ஐந்து கன்றுகளை மொரீசியஸ் தீவுக்குக் கொண்டுவந்தார் புவாவ்ர். அப்போது அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஐந்தும் பட்டுப்போயின. தோட்ட அதிகாரியே அவற்றைக் கொன்றுவிட்டார் என்று புவாவ்ர் குற்றம் சாட்டினார். மறுபடியும் கடலேறினார். அதிலும் பலன் இல்லை. தாய்நாடு திரும்பும் வழியில், இரண்டாம் முறையாக இங்கிலீஷ்காரர்களிடம் சிறைப்பட்டார்.

அவர் மனம் தளரவில்லை. 1767-ல் அதே மொரீசியஸ் தீவுக்கு நிர்வாக அதிகாரியாக வந்தார். பாம்ப்ளெமூஸ் என்ற இடத்தில் பெருந்தோட்டம் அமைத்தார். கிழக்குத் தீவுகளுக்கு இரண்டு கப்பல்களை அனுப்பினார். உள்ளூர்த் தலைவர்களின் உதவியோடு, டச்சுக் காவலர் கண்ணில் படாமல் சரக்கு ஏறியது.

1770 ஜூன் மாதம் கப்பல்கள் திரும்பின. சுமார் 400 ஜாதிக்காய்க் கன்றுகள், 10,000 விதைகள், 70 கிராம்புக் கன்றுகள்! விதைகளில் பல வழியிலேயே முளைவிட்டிருந்தன.

கண்ணால் காணாத கனி

1772-ல் புவாவ்ர் பிரான்சு திரும்பினார். செரே என்பவர் கன்றுகளைக் கண்போல் காத்தார். 1776-ல் கிராம்பு பலன் தந்தது. 1778-ல் முதல் ஜாதிக்காய் பழுத்தது. டச்சுக்காரர் போட்ட பூட்டு உடைந்தது!

அந்த மரம் காய்த்து நின்றதைப் புவாவ்ர் கண்ணால் காணவில்லை. 1786-ல் லியோனில் காலமானார். பிற்காலத்தில் கிராம்புக்குப் புகழ்பெற்ற சான்சிபார் தீவுக்கு, அந்தப் பயிர் போய்ச் சேர்ந்தது மொரீசியஸ் பக்கத்திலிருந்துதான். பாம்ப்ளெமூஸ் தோட்டம் இன்றும் பசுமையாக நிற்கிறது.